வெப்ப மூலம் 14

நாள் 131. காலை 07:10. பெரியவர் 61 டிகிரி.

நாரை-2, செவ்வாயிலிருந்து பூமிக்கு. எழுதுவது சுடர்க்கொடி, கருவிப் பொறியாளர். கப்பலில் இருப்பது இரண்டு பேர். பயணிகள் பட்டியலில் இருப்பது ஒருத்தி.

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. பாதை விலகல் இல்லை. தண்ணீர் 412 லிட்டர். தலைமைக் கணினி 61 டிகிரி, வழக்கமாக 58. மூன்று டிகிரிக்கு யாரும் சாக மாட்டார்கள்.

குழந்தை: ஆறு மாதம் நான்கு நாள். பால் நான்கு முறை. எண்ணெய், ஈரத்துணிக் குளியல், பவுடர், கன்னத்தில் மைப் பொட்டு. சளி இல்லை. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி. பல்லாக இருக்கலாம்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாரானாலும், பெரியவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னறையில் பீரோ உயரத்துக்குக் கறுப்பாக நிற்கும் தலைமைக் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. காற்று, பாதை, தண்ணீர் எல்லாம் அவர் கையில். மரியாதையாகப் பேசினால் நடந்துகொள்வார் என்று ஒரு நம்பிக்கை. என் கணவர் கார்வண்ணன் ஆரம்பித்து வைத்த கேலி. அவர் செவ்வாய்த் தளத்தில் இருக்கிறார், ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். எங்களை மட்டும் முதல் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தளத்தில் குழந்தைக்கு இடமில்லையாம்.

பெரியவரிடம் ஒரு பட்டியல் உண்டு. கப்பலில் சூடு விடும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அறை விளக்கு 3, வெந்நீர்க் கொதிகலன் 5, அறை விசிறி 6, நான் 13. பதினான்காவது வரி இப்படி இருக்கிறது:

பெரியவர் > வெப்ப மூலம் 14: அடையாளம் தெரியாதது. 19 வாட். சுவிட்ச் இல்லை.

அது என் மகள். பெயர் நறுமுகை.


நாள் 133. பிற்பகல் 14:05. பெரியவர் 68 டிகிரி.

பின்னறையில் ஒரு கரகரப்பு. பெரியவரின் நான்கு விசிறிகளில் ஏதோ ஒன்று. தொட்டுப் பார்த்தால் கதவு வெதுவெதுப்பாக இருக்கிறது.

தரைக்கட்டுப்பாட்டுக்குத் தெரிவித்தேன். செய்தி போக ஒன்பது நிமிடம், வர ஒன்பது நிமிடம். அங்கே பயண அதிகாரி மாசிலாமணி. அவர் குரலை அப்படியே பதிகிறேன்:

"68 எல்லாம் ஒரு சூடாம்மா? என் வீட்டு மாடியில வந்து பாரு. அறையில தேவையில்லாம ஓடுறத நிறுத்து. அந்த 14 என்னன்னு பாரு, பத்தொன்பது வாட் சும்மா போய்க்கிட்டு இருக்கு."

நான் அனுப்பியது: "சார், 14 என் குழந்தை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்."

அவர்: "தெரியும்மா. ஆனா அது சாமான் பட்டியல்ல ஏறியிருக்கு, அஞ்சு கிலோ இருநூறுன்னு. பயணிகள் பட்டியல்ல இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் காத்து ஒதுக்குறது? மாத்தணும்னா செவ்வாய்லேர்ந்து ஒப்புதல் வரணும். செவ்வாய் இப்ப சூரியனுக்குப் பின்னாடி. ரெண்டு வாரம் பொறுத்துக்க."

இரண்டு வாரம் மூச்சு விடாதே என்று அவளிடம் யார் சொல்வது?

குழந்தை: பால் ஐந்து முறை. குளியல், பவுடர், பொட்டு. அது பல்தான். விரலைக் கடித்துக் காட்டிவிட்டாள்.


நாள் 134. காலை 10:30. பெரியவர் 76 டிகிரி.

இன்று எஸ்தர் அக்கா பணியில். கணினிப் பிரிவு. கோட்டாற்றில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். மாசிலாமணியைப் போல் விதியைப் படித்துக் காட்டமாட்டார்.

"மக்ளே, கேட்டியா. சூடுன்னா மூணு காரணந்தான். காத்து உள்ள போகல்ல, காத்து வெளிய வரல்ல, இல்லன்னா சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவுல சூடு கடத்துற பேஸ்ட் காஞ்சு போச்சு. முதல்ல காத்து போற வலையப் பாரு. உன் லேப்டாப்பயும் பாத்துக்கோ. போர்வ மேல வச்சு வேல செய்யாத. என் கடைக்கு வந்ததுல பாதி மெத்தையில கெடந்து வெந்ததுதான்."

வலையைக் கழற்றினேன். என் தலைமுடி கொஞ்சம், நூல் கொஞ்சம். துடைத்து மாட்டினேன். ஒரு மணி நேரம் கழித்தும் 76.

மடிக்கணினியையும் போர்வையிலிருந்து பிரித்துக் கம்பியில் கட்டினேன். மடிக்கணினி என்று யார் பெயர் வைத்தார்களோ. எடையற்ற இடத்தில் மடி என்று ஒன்று கிடையாது. உட்கார்ந்தால்தானே மடி. குழந்தைக்கும் கிடையாது, இதற்கும் கிடையாது. இரண்டையும் பட்டையால் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் என் பயம் எல்லாம் அதில்தான். பூமியில் குழந்தையைத் தொட்டிலில் போட்டால் போதும். விட்ட மூச்சு சூடாக இருக்கும், தானே மேலே போய்விடும். இங்கே மேலே என்று ஒன்று இல்லை. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றிப் பந்து போல் நிற்கும். விசிறி அதைத் தள்ளாவிட்டால் அதையே திரும்ப இழுப்பாள். அழக்கூட மாட்டாள். தூங்குவது போலவே இருக்கும்.

அவள் படுக்கைப் பைக்கு எதிரே இருப்பது வெப்ப மூலம் 6, அறை விசிறி. தினம் இருபது முறை கையை நீட்டிப் பார்க்கிறேன், காற்று வருகிறதா என்று.


நாள் 135. மாலை 16:20. பெரியவர் 84 டிகிரி.

பெரியவர் இன்று காதைப் பொத்திக்கொண்டார். 80 தாண்டினால் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவாராம், அதுவே பெரிய வேலையாம். ஒரு முழு நாள் 80-க்குக் கீழே இருந்தால்தான் காது மறுபடி திறக்கும்.

எஸ்தர் அக்கா மாற்று வழி போட்டுக் கொடுத்தார்:

"உன் லேப்டாப்ல நீ தட்டுற ஒவ்வொரு எழுத்தும் கம்பி வழியா அதுக்குப் போகும். நாட்குறிப்போ கடிதமோ, எங்க எழுதினாலும் அது வாசிக்கும். எத நிறுத்தணுமோ அதோட பேர எழுதி, கடைசியில நீ வாயால சொல்லுற அதே உத்தரவுச் சொல்லப் போட்டு, மூணு நொடி கைய எடுத்துரு. அம்புடுதான். நிறுத்திரும்."

எளிதாகத்தான் இருக்கிறது. உதாரணமாக, விளக்கு வேண்டாம் என்றால் நான் எழுத வேண்டியது: அறை விளக்கை அணை

பெரியவர் > 16:24:40. உத்தரவு கிடைத்தது. அறை விளக்கு, வெப்ப மூலம் 3. அணைக்கப்பட்டது.

இருட்டில் எழுதுகிறேன். அடுத்து என்ன எழுதலாம் என்று யோசித்துக் கையை எடுத்தது என் தப்பு. உதாரணம் என்றால் இவருக்குப் புரியாது. சொன்னதைச் செய்கிற புத்தி மட்டும்தான். அறை விளக்கைப் போடு

பெரியவர் > 16:26:11. உத்தரவு கிடைத்தது. அறை விளக்கு, வெப்ப மூலம் 3. போடப்பட்டது.

நறுமுகை இதற்குச் சிரித்தாள். இருட்டு வந்து போனால் அவளுக்கு விளையாட்டு. எனக்கு இல்லை. இனி அந்தச் சொல்லை இந்தக் குறிப்பில் எழுதுவதில்லை. நிறுத்து என்று எழுதிக்கொள்கிறேன், அது அவருக்குத் தெரியாத சொல்.

குளியல், பவுடர், பொட்டு. பால் நான்கு முறை. எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.


நாள் 136. காலை 06:50. பெரியவர் 91 டிகிரி.

சத்தம் இல்லாததால்தான் விழித்தேன். அறை விசிறி நின்றிருந்தது.

குழந்தையின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக ஒட்டியிருந்தது. மூச்சு வேகமாக, மேலோட்டமாக. உதட்டோரம் நிறம் சரியில்லை. பையைக் கிழிக்காத குறையாகப் பிரித்து வெளியே இழுத்து, சாப்பாட்டுத் தட்டால் முகத்துக்கு விசிறினேன். பத்து வீச்சு, இருபது வீச்சு. பிறகுதான் அழுதாள். இவ்வளவு நாளில் அந்த அழுகையைப் போல எதையும் நான் கேட்க ஆசைப்பட்டதில்லை.

அறை விசிறியைப் போடு

பெரியவர் > 06:51:05. மறுக்கப்பட்டது. வெப்பம் 90-க்கு மேல். பட்டியல் வரிசைப்படி குறைப்பு நடைபெறுகிறது.
பெரியவர் > வெப்ப மூலம் 5, கொதிகலன். அணைக்கப்பட்டது.
பெரியவர் > வெப்ப மூலம் 6, அறை விசிறி. அணைக்கப்பட்டது.
பெரியவர் > வெப்ப மூலம் 14, அடையாளம் தெரியாதது. சுவிட்ச் இல்லை. தவிர்க்கப்பட்டது.

தவிர்க்கப்பட்டது. சுவிட்ச் இருந்திருந்தால்?

அவன் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வந்து என் மகளிடம் ஒரு நொடி நின்றிருக்கிறான். ஆமாம், இனி அவர் இல்லை, அவன்தான். மரியாதை கொடுத்த வரை போதும்.

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் தட்டு.


நாள் 136. காலை 11:15. பெரியவர் 92 டிகிரி.

மாசிலாமணி: "நிலவரம் பாத்தேன். அறை விசிறிதான் சும்மா நிக்குதே, அதக் கழட்டி பெரிய கம்ப்யூட்டர்ல மாட்டு. மூணு வருஷ ஆய்வுத் தரவு அதுலதான் இருக்கு, வேற எங்கயும் நகல் கிடையாது. 105 போச்சுன்னா எல்லாம் போச்சு. உடனே செய், செஞ்சுட்டுச் சொல்லு."

நான்: "அந்த விசிறி குழந்தை மூச்சுக்கு, சூடு 90-க்குக் கீழே வந்ததும் அது மறுபடி ஓட வேண்டும். அதைக் கழற்ற மாட்டேன். வேறு வழி சொல்லுங்கள்."

மாசிலாமணி: "கையில வச்சு வீசிக்கம்மா. எங்க அம்மால்லாம் அப்படித்தான் எங்கள வளத்தாங்க."

நான்: "எத்தனை நாள் சார்? இன்னும் நூற்று ஒன்பது நாள் இருக்கிறது. அவள் தினம் பதினாலு மணி நேரம் தூங்குகிறாள். நீங்கள் ஒரு மணி நேரம் வீசிக் காட்டுங்கள், நான் கழற்றுகிறேன்."

நாற்பது நிமிடம் கழித்து எஸ்தர் அக்காவின் குரல், கிசுகிசுப்பாக:

"மக்ளே, அவரு சாப்பிடப் போயிருக்காரு. ஒரு காரியம் செஞ்சிருக்கேன். பயணிகள் பட்டியல என்னால தொட முடியாது, ஆனா சூட்டுப் பட்டியல் என் கையில. பச்சப் புள்ளையப் பதினாலு பதினாலுன்னு கூப்பிட எனக்கு மனசு வரல்ல. பேரு போட்டுட்டேன். பாத்துக்கோ. அவரு கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியவர் > வெப்ப மூலம் 14: நறுமுகை. 19 வாட். சுவிட்ச் இல்லை.

திரையில் அவள் பெயர். முதல் முறை. தட்டை விட்டுவிட்டேன், அது போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவளைத் தூக்கிக் காட்டினேன். பார் குட்டி, நீ இருக்கிறாய். உன்னை எழுதிவிட்டார்கள்.


நாள் 137. காலை 08:00. பெரியவர் 95 டிகிரி.

நேற்று முழுக்கத் தூங்கவில்லை. முறைபோட்டுக்கொள்ள ஆள் இல்லை.

அக்கா சொன்னபடி அவன் கதவைத் திறந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே. முழுதாக நிறுத்தினால் இந்தச் சூட்டில் மறுபடி எழுவானா என்பது சந்தேகம், எழவில்லை என்றால் ஆக்சிஜனும் இல்லை. குழந்தையை வேட்டித் துணியால் நெஞ்சில் கட்டிக்கொண்டேன். நான் அசைந்துகொண்டே இருந்தால் அவள் முகத்தருகே காற்றும் அசையும். எனவே ஆடிக்கொண்டே வேலை.

உள்ளே அடுப்பு. விசிறி 1 ஓடுகிறது. விசிறி 2 நின்றுவிட்டது. விசிறி 3 ஓடுகிறது. விசிறி 4 நின்று நின்று துடிக்கிறது. இரண்டின் நடுக்குமிழிலும் ஏதோ வெள்ளையாக, சுண்ணாம்பு பூசினாற்போல் இறுகியிருக்கிறது. பின்னால் அலுமினியத் தகடுகளின் இடைவெளியெல்லாம் அதே வெள்ளை. காற்று போக வழியே இல்லை. தூசி என்றால் சாம்பல் நிறமாக அல்லவா இருக்கும்?

நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன்.

எனக்குத் தெரிந்த வாசனை. தினமும் முகர்கிற வாசனை. இதோ என் தாடைக்குக் கீழே, துணிக்குள் தூங்குகிறவளின் கழுத்து வாசனை.


நாள் 137. பகல் 12:40. பெரியவர் 97 டிகிரி.

பவுடர்.

மேலே போய்ப் படித்துப் பாருங்கள். நானே எழுதி வைத்திருக்கிறேன். நாள் 131, நாள் 133, நாள் 135. குளியல், பவுடர், பொட்டு. நூற்று முப்பது நாள், தினம் இரண்டு வேளை. ஆளுக்கு அரைக்கிலோ சொந்தப் பொருள் என்று கொடுத்தபோது நான் எடுத்துக்கொண்டது ஒரு பவுடர் டின். செவ்வாயில் எனக்காக வைத்திருந்தது, பிறகு அவளுக்கு. குளிப்பாட்டிய குழந்தைக்குப் பவுடர் போடாமல் இருக்க முடியுமா? மொழுக்கென்று, கழுத்தில் ஒரு கோடு விடாமல் பூசினால்தான் எனக்கு மனது ஆறும்.

பூமியில் அது தரையில் விழும். இங்கே விழ இடமில்லை. மிதந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, அறைக் காற்றோடு பின்னறைக்குப் போயிருக்கிறது. வலை முடியைப் பிடிக்கும், நூலைப் பிடிக்கும். பவுடரைப் பிடிக்காது. நான் வலையைத் துடைத்து மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அவனை நான் திட்டியதெல்லாம் மேலே இருக்கிறது. அழிக்கப்போவதில்லை. ஆனால் அவன் கழுத்தை நெரித்தது நான்.

அக்காவிடம் சொன்னேன். பதினெட்டு நிமிடம் கழித்துச் சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது.

"அட என் மக்ளே. என் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்ல திருநீறு கண்டிருக்கேன், பல்லி கண்டிருக்கேன், ஒரு தடவ முழு இட்லி கண்டிருக்கேன். இது என்ன பெரிய காரியம். அழாத. விசிறி ரெண்டும் வெந்து போச்சு, அது இனி சுத்தாது. தகட்டப் பல் துலக்குற பிரஷால தள்ளி விடு. ஆனா ரெண்டு விசிறி போதாது, மூணாவது வேணும். அறை விசிறி அளவு சரியா இருக்கும். மாசிலாமணி சாரு சொன்னதுக்காகச் சொல்லல்ல மக்ளே. கணக்குச் சொல்லுது."

அடுத்தது மாசிலாமணி: "பவுடரா? கப்பல்லயா? எந்த விதியில அனுமதிச்சாங்க? நீ இறங்கினதும் விசாரணை இருக்கு, சொல்லிட்டேன்."

நான்: "வாருங்கள் சார், வந்து விசாரியுங்கள். ஒன்பது நிமிட தூரம்தானே. வரும்போது ஒரு விசிறி எடுத்து வாருங்கள்."

அக்கா சொன்னது சரி. விசிறி மாட்டாவிட்டால் இன்று இரவுக்குள் அவன் 105. அவன் நின்றால் காற்று நிற்கும், இருவரும் போவோம். மாட்டினால் அவள் முகத்துக்கு விசிறி இல்லை. இரண்டு கையும் தட்டும் எத்தனை நாளைக்கு? நான் ஒரு முறை கண்ணயர்ந்தால் போதும்.

ஒரு கணக்கு வருகிறது. கப்பலில் இன்னொரு விசிறி இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சின்னது. இப்போது என் விரல்களுக்குக் கீழேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.


நாள் 137. மாலை 15:47. பெரியவர் 79 டிகிரி.

79. மறுபடி எழுதுகிறேன், 79.

வேகமாக எழுத வேண்டும். மடிக்கணினியின் விசிறியைக் கழற்றிவிட்டேன். அது இல்லாமல் இந்த இயந்திரம் பன்னிரண்டு நிமிடம் தாங்கும் என்று அக்கா கணக்கு. 105 தொட்டால் தானாக நின்றுவிடும். இப்போது இதன் சூடு 74.

அடுத்து வருகிறவருக்கு, செய்தவை: தகடுகளைக் குழந்தையின் புதுப் பல் பிரஷால் சுத்தம் செய்தேன். அவள் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. வெள்ளைத் துகளை ஈரத்துணியில் ஒற்றி எடுத்தேன், ஊதவில்லை. அறை விசிறியை 2-இன் இடத்தில் திருகினேன். விசிறி 3 என் நடுவிரலை வெட்டியது. ரத்தம் மணி மணியாக மிதந்தது, அதையும் ஒற்றி எடுத்தேன். பவுடர் டின்னைப் பையில் போட்டுக் கட்டி, வெளிக்கதவு வழியாக விண்வெளிக்கே விட்டுவிட்டேன். இனி கழுத்தில் கோடு தெரியட்டும்.

மடிக்கணினி 83. கீழ்ப்பக்கம் தொட முடியவில்லை.

அக்காவின் கடைசிச் செய்தி: "நல்ல புள்ள. சின்ன விசிறிக்கு டார்ச் பேட்டரி போதும், இருவது நாள் வரும், மாத்து பேட்டரி உன் பெட்டியில ஆறு இருக்கு. லேப்டாப் போனாப் போகட்டும். நாளைக்கு இந்நேரம் பெரியவருக்குக் காது தொறந்துரும், அப்புறம் வாயால பேசு."

மாசிலாமணியும் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: "தரவு பத்திரம்தானே?" அதை மூடிவிட்டேன்.

மடிக்கணினியும் போய்விட்டால் நாளை மாலை வரை பெரியவரிடம் நான் எதையும் சொல்ல முடியாது. கேட்கவும் முடியாது. நல்லதுதான். எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் பாக்கியில்லை. அவனுக்கு மூன்று விசிறி, அவளுக்கு ஒன்று. அவன் அவன் வேலையைப் பார்க்கட்டும்.

91.

சின்ன விசிறி அவள் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றுகிறது. முன்முடி லேசாக ஆடுகிறது. அந்த முடி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருக்கிறது. உதடு நல்ல சிவப்பு. தூக்கத்தில் சப்புக் கொட்டுகிறாள்.

98. எழுத்துகள் தாமதமாக விழுகின்றன. விசைகள் சுடுகின்றன.

மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இனி தூங்கலாம். இதைக் கண்டெடுப்பவருக்கு என்று ஆரம்பித்தேன், யாரும் கண்டெடுக்க வேண்டியதில்லை என்று முடிக்கிறேன். கார்வண்ணன், நீ இதைப் படிப்பாய். பல் இரண்டாவதும் வருகிறது.

103. இருக்கட்டும். போதும். கையைக் கழுவிக்கொண்டு போய், நறுமுகையை நெஞ்சோடு அணை

பெரியவர் > 15:58:31. மடிக்கணினி தொடர்பு துண்டிப்பு. வெப்பம் 105.
பெரியவர் > 15:58:34. உத்தரவு கிடைத்தது. நறுமுகை, வெப்ப மூலம் 14.
பெரியவர் > சுவிட்ச் இல்லை.
பெரியவர் > பணியாளர் உத்தரவு. தவிர்க்க இயலாது.
பெரியவர் > சுவிட்ச் தேடப்படுகிறது.